ப்ரீகால்குலஸைத் தாண்டி நேரே கால்குலஸ் பிசிக்குப் போகலாமா? (9ஆம் வகுப்பு, டெக்சஸ்)

தேன்மொழி · பிப்ரவரி 9, இரவு 10:42

வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு. ஏழில் அல்ஜீப்ரா 1, எட்டில் ஜியாமெட்ரி முடித்துவிட்டு இப்போது ஹானர்ஸ் அல்ஜீப்ரா 2 படிக்கிறான். வழக்கமான வரிசைப்படி அடுத்த வருடம் ப்ரீகால்குலஸ், பதினொன்றில் கால்குலஸ். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

இவன் கேட்பது இதுதான். கோடை விடுமுறையில் ப்ரீகால்குலஸைத் தானே படித்து, பள்ளி திறப்பதற்குள் கிரெடிட் பை எக்ஸாம் (வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதிப் பாடத்தை முடிப்பது) எழுதிவிட்டு, பத்தாம் வகுப்பில் நேராக ஏபி கால்குலஸ் பிசியில், அதாவது கல்லூரி மட்டக் கால்குலஸ் வகுப்பில், உட்கார வேண்டுமாம். வகுப்பில் நான்கு பேர் இப்படித் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் வீட்டில் காலை டிபன் இட்லி தோசைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அல்ஜீப்ரா 2இல் 97 வாங்குகிறான். ஆனால் வீட்டுப்பாடத்தைப் பள்ளிப் பேருந்திலேயே முடித்துவிடுகிற ரகம். கணவர் "போகட்டும் விடு" என்கிறார். ஊரில் மாமியார் "பேரனுக்கு டபுள் ப்ரமோஷன்" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கவுன்சலரிடம் கேட்டால் "குடும்பத்தின் முடிவு" என்று ஒற்றை வரியில் பதில். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாலு_ஃப்ரீமான்ட் · பிப்ரவரி 9, இரவு 11:15

தாராளமாகத் தாண்டட்டும். என் பெண் அப்படித்தான் செய்தாள், நன்றாகவே இருக்கிறாள். பத்தில் கால்குலஸ் முடித்தால் பதினொன்றில் ஏபி இயற்பியல் சி எடுக்கலாம். அந்தப் பாடத்துக்குக் கால்குலஸ் தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது கூடவே படிக்க வேண்டும். இங்கே கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஜியாமெட்ரியைத் தாண்டிவிட்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. மேல் வகுப்பில் தேறினால் கீழ் வகுப்பு அல்ஜீப்ராவைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஜியாமெட்ரிக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் பையன் அதை முடித்துவிட்டான். அப்புறம் என்ன தயக்கம்?

கணக்குவாத்தி · பிப்ரவரி 10, காலை 6:20

நியூஜெர்சியில் ஹைஸ்கூலில் 14 வருடமாகக் கால்குலஸ் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஏபி (AP) என்பது காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு நடத்தும் திட்டம். அதற்குள் கால்குலஸ் ஏபி (AB), கால்குலஸ் பிசி (BC) என்று இரண்டு வகுப்புகள். தமிழில் எழுதினால் இரண்டு ஏபியும் ஒன்றாகிவிடுகிறது. போன வருடம் ஒரு அம்மா "என் பெண் ஏபி ஏபியா, வெறும் ஏபியா?" என்று கேட்டபோது எனக்கே ஒரு நிமிடம் ஆனது.

ஏபிக்கு மேல் வகுப்பு பிசி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. ஏபியில் 8 அலகுகள், பிசியில் 10. முந்தையதில் உள்ளதெல்லாம் பிந்தையதிலும் உண்டு. பிசி தேர்வு எழுதியவருக்கு ஏபி பகுதிக்கென்று தனி மதிப்பெண்ணும் சேர்ந்தே வருவது அதனால்தான். ஆகவே ஏபி படிக்காமல் பிசிக்குப் போவதில் தாண்டுதல் எதுவும் நடப்பதில்லை, வேகம் மட்டும் கூடுகிறது. உங்கள் பையன் உண்மையில் தாண்டப்போவது ப்ரீகால்குலஸை. பேச வேண்டியது அதைப் பற்றி மட்டும்தான்.

அந்தப் பெயரே ஒரு தொல்லை. கால்குலஸுக்கு "முன்" என்றால் ஏதோ வரவேற்பறை மாதிரி, அதைக் கடந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பது என்ன? முக்கோணவியல் சார்புகள், அவற்றின் தலைகீழ்ச் சார்புகள், முற்றொருமைகள், மடக்கை, போலார் ஆயங்கள், தொடர்கள். பிசியில் சைன் எக்ஸின் வர்க்கத்தைத் தொகையிட வேண்டும் என்று வையுங்கள். காஸ் 2எக்ஸ் முற்றொருமையை வைத்து அதை மாற்றி எழுதினால் இரண்டு வரியில் முடிந்தது. அது கைவரவில்லை என்றால் கால்குலஸ் எவ்வளவு தெரிந்தும் பயனில்லை, பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் வகுப்பில் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வகையீட்டில் இல்லை. வகையிட்டு முடித்த பிறகு வரும் பின்னத்தைச் சுருக்கும் இடத்தில்தான்.

காலேஜ் போர்டும் இதைத்தான் சொல்கிறது: கால்குலஸுக்கு வருமுன் அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, முக்கோணவியல், அடிப்படைச் சார்புகள் எல்லாம் சேர்ந்து நான்கு வருடக் கணக்குக்குச் சமமான பாடம் முடிந்திருக்க வேண்டும். நான்கு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் அல்ல. பாடம் உள்ளே போயிருக்க வேண்டும்.

2012இல் அமெரிக்கக் கணிதச் சங்கமான எம்ஏஏவும் கணித ஆசிரியர் அமைப்பான என்சிடிஎம்மும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸை முடிப்பது பள்ளிக் கணிதத்தின் இறுதி இலக்காக இருக்கக் கூடாது, அடித்தளம்தான் இலக்கு என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

கேட்டி_கண்ணன் · பிப்ரவரி 10, காலை 8:05

ஹூஸ்டனிலிருந்து. டெக்சஸ் விதிகளை மட்டும் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சண்டை போடுங்கள்.

வகுப்பில் உட்காராமல் கிரெடிட் வாங்க, அந்தத் தேர்வில் 80 எடுக்க வேண்டும். இது மாநிலச் சட்டம், பள்ளி குறைக்கவோ கூட்டவோ முடியாது. அதே சட்டப்படி ஏபி (AP) தேர்வில் 5க்கு 3 எடுத்தாலும் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் உண்டு. தேர்வு காலாண்டுக்கு ஒரு முறை நடக்கும். எடுக்கிற மதிப்பெண் அப்படியே டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) ஏறும், அதை நினைவில் வையுங்கள். 81 வாங்கினால் 81 என்று இருக்கும். அது ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் சேருமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, வாத்தியார் சாருக்கு. நியூஜெர்சியில் அல்ஜீப்ரா 2இலேயே கொஞ்சம் முக்கோணவியல் வந்துவிடும் என்று நினைக்கிறேன். டெக்சஸ் அல்ஜீப்ரா 2இல் அது கிடையாது. யூனிட் சர்க்கிள், சைன் வளைவு எல்லாமே இங்கே ப்ரீகால்குலஸில்தான். ஆக இங்கே அதைத் தாண்டுகிறவன் ஜியாமெட்ரியில் பார்த்த செங்கோண முக்கோணத்தோடு நேரே பிசிக்குப் போகிறான்.

கணக்குவாத்தி · பிப்ரவரி 10, காலை 8:31

இது எனக்குத் தெரியாது கண்ணன். அப்படியென்றால் நான் எழுதியதை இன்னும் இரண்டு மடங்கு அழுத்திப் படித்துக்கொள்ளுங்கள் தேன்மொழி.

குரோம்பேட்டையார் · பிப்ரவரி 10, காலை 9:47

நான் அமெரிக்காவில் இல்லை, இழையைப் பார்த்ததும் கை அரித்தது.

எங்கள் காலத்தில் தாண்டுவது மாணவன் வேலை இல்லை, பள்ளிக்கூடமே தாண்டும். தொண்ணூறுகளில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். ஜூன், ஜூலையில் பிளஸ் ஒன் புத்தகத்துக்கு ஒரு கும்பிடு. ஆகஸ்டில் பிளஸ் டூ புத்தகம் கையில். இரண்டு வருடம் அதையே அரைத்து, கணக்கில் 200க்கு 198. அப்பா ஸ்வீட் பாக்ஸோடு தெருவில் இறங்கினார்.

அப்புறம் இன்ஜினியரிங் முதல் செமஸ்டர், எம்1 என்கிற கணக்குத் தாள். வாத்தியார் "இதெல்லாம் லெவன்த்திலேயே பார்த்திருப்பீர்கள்" என்று போர்டைத் துடைத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எம்1 அரியர். அதை மூன்றாவது தடவையில்தான் எடுத்தேன். அறையில் ஆறு பேர், ஐந்து பேருக்கு அதே கதை. 2017-18இல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள் அல்லவா, பள்ளிகள் இப்படி அந்த வருடத்தையே முழுங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

பாலு_ஃப்ரீமான்ட் · பிப்ரவரி 10, மதியம் 12:10

ஐயா, அது வேறு, இது வேறு. உங்கள் பள்ளி பாடத்தை ஒளித்துவைத்தது. இங்கே பையன் படித்து, தேர்வு எழுதி, 80 வாங்கித்தான் போகிறான்.

மெதுவாகப் போனால் தப்பே இல்லை என்கிற மாதிரியும் பேசாதீர்கள். 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜூலியன் ஸ்டான்லி என்பவர், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வை வைத்து, கணக்கில் கெட்டிக்காரர்களைக் கண்டுபிடித்து வேகமாக முன்னே அனுப்பினார். அந்தப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வேகமாகப் போனதால் கெட்டுப்போனார்கள் என்று தெரியவரவில்லை, நன்றாகவே வந்தார்கள். எங்கள் பக்கம் சான் ஃபிரான்சிஸ்கோவில் 2014இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். எல்லாரும் சமமாகப் போகட்டும் என்று. பத்து வருடம் கழித்து, 2024இல் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். இடையில் வசதி உள்ளவன் வெளியே காசு கொடுத்துப் படித்தான், இல்லாதவன் காத்திருந்தான். பிடித்து நிறுத்துவதற்கும் விலை உண்டு.

எடிசன்_அம்மா · பிப்ரவரி 10, மதியம் 1:02

பாலு சொல்வதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் இளையவனைத் தாண்ட விடவில்லை. "அடித்தளம் முக்கியம்" என்று பள்ளியில் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஏற்கெனவே தெரிந்த பாடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்தான். முதலில் ஜன்னலைப் பார்த்தான், அப்புறம் வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்தினான், வருடக் கடைசியில் பி மைனஸ். பி மைனஸ் வாங்குகிறவனை எப்படி மேலே அனுப்புவது என்று அதே பள்ளி கேட்டது! இன்று கணக்கு என்றாலே முகம் சுளிக்கிறான். தாண்டியிருந்தால் சரியாகியிருக்குமா, யாருக்குத் தெரியும். எனக்கு அந்த வருடம் ஆறவில்லை.

கணக்குவாத்தி · பிப்ரவரி 10, மாலை 5:40

எடிசன் அம்மா, உங்கள் பையன் விஷயத்தில் பள்ளி செய்தது தப்பு. தெரிந்ததை மறுபடி படி என்று சொல்வது அடித்தளம் ஆகாது. தெரியுமா என்று சோதித்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும்.

பாலு, ஸ்டான்லியை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரித்தார். நாம் வாட்ஸாப் குழுவை வைத்துப் பிரிக்கிறோம். "வகுப்பில் நான்கு பேர் போகிறார்கள்" என்பதைத் தவிர தேன்மொழி பையனைப் பற்றி நமக்குத் தெரிந்தது 97 ஒன்றுதான்.

சோஃபமோர்_பையன் · பிப்ரவரி 10, இரவு 11:58

தேன்மொழி ஆன்ட்டி, நான் இப்போது காலேஜ் இரண்டாம் வருடம், மெக்கானிக்கல். அம்மா இந்த லிங்கை அனுப்பினார். தமிழில் டைப் செய்ய நேரம் ஆகும், தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

நான் ஆறு வாரத்தில் ஆன்லைனில் ப்ரீகால்குலஸ் முடித்தேன். முடித்தேன் என்றால் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, வினாவிடையைத் தட்டி, கிரெடிட் வாங்கினேன். பத்தாம் வகுப்பில் பிசி. முதல் செமஸ்டர் ஒன்றுமே தெரியவில்லை, அதாவது பிரச்சினையே தெரியவில்லை. லிமிட், டெரிவேடிவ் எல்லாம் அல்ஜீப்ராவை வைத்தே ஓடிவிட்டது. நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் போலார் வந்தது. பரப்பளவுக்குச் சூத்திரம் தெரியும், ஆர் வர்க்கத்தில் பாதியைத் தொகையிட வேண்டும். ஆனால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? ஆர் என்பது சைன் 2 தீட்டா என்று கொடுத்தால் நான்கு இதழ் ரோஜா மாதிரி ஒரு வளைவு வரும். அதை நான் என் கையால் ஒரு தடவைகூட வரைந்ததில்லை. அந்த வாரத்தை வேகமாக ஓட்டிவிட்டேன் போல. ஒரு இதழ் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் இன்டக்ரல் போட்டேன். அப்புறம் டெய்லர் தொடர். அந்த யூனிட் டெஸ்ட்டில் 58.

மே மாதம் பிசி தேர்வில் எப்படியோ 5க்கு 4 வந்தது. அதனால் என் கதையைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். உண்மையான பிரச்சினை அதற்குப் பின்னால்தான். பிசி முடிந்ததும் எங்கள் பள்ளியில் மேலே வகுப்பு இல்லை. பதினொன்றில் ஏபி ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) எடுத்தேன், பன்னிரண்டில் கணக்கே இல்லை. காலேஜில் கால்குலஸ் 3க்கு நேராகப் போட்டார்கள். இரண்டு வருடம் தொடாத கால்குலஸ், அதிலும் போலார், பாராமெட்ரிக் எல்லாம் வேண்டிய வகுப்பு. மிட்டெர்முக்கு முன் டிராப் செய்துவிட்டு கால்குலஸ் 2இல் உட்கார்ந்தேன். ஒரு வருடம் முன்னே போனேன், கடைசியில் எல்லாரோடும் ஒரே வரிசையில் நின்றேன்.

தேன்மொழி · பிப்ரவரி 11, காலை 7:12

தம்பி, உட்கார்ந்து இவ்வளவு எழுதியதற்கு நன்றி. நேற்று ராத்திரி இதை அவனிடம் காட்டினேன். "நான் வீடியோவை வேகமாக ஓட்ட மாட்டேன்" என்றான். எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பள்ளியிலும் பிசிக்கு மேல் ஒன்றும் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் போய்ப் படிக்கலாம் என்கிறார்கள்.

கேட்டி_கண்ணன் · பிப்ரவரி 11, காலை 7:50

போகலாம். ஆனால் பதினாறு வயதில் அங்கே வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட். பின்னால் எங்கே விண்ணப்பித்தாலும் அதைக் காட்ட வேண்டும்.

ரேங்கையும் யோசியுங்கள். யூடி ஆஸ்டினில் (டெக்சஸ் பல்கலைக்கழகம்) ரேங்கை வைத்துத் தானாக இடம் கிடைப்பது முதல் 6 சதவீதத்துக்கு என்று இருந்ததை 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதமாக்கிவிட்டார்கள். பெரிய பள்ளியில் ஒரு பி அங்கே பத்து இடம் தள்ளிவிடும். பத்தாம் வகுப்புப் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பிசியில் உட்காரும்போது அந்த பி வர வாய்ப்பு அதிகம்.

கணக்குவாத்தி · பிப்ரவரி 11, மாலை 6:15

ஒரு யோசனை. படிவத்தில் இரண்டையும் எழுத முடியுமா பாருங்கள், பிசி முதல் விருப்பம், ப்ரீகால்குலஸ் மாற்று. கோடையில் அவன் படிக்கட்டும். ஜூலை கடைசியில், பள்ளித் தேர்வுக்கு முன்னால், கால்குலேட்டர் இல்லாமல் இந்த மூன்றையும் கொடுங்கள்:

சைன் 2எக்ஸும் சைன் எக்ஸும் சமம் என்றால், 0 முதல் 2பை வரை (2பையை விட்டுவிட்டு) எக்ஸ் என்னென்ன?

எக்ஸ் வர்க்கம் கழித்தல் 4 என்பதை எக்ஸ் கழித்தல் 2ஆல் வகுத்து வரும் சார்பை வரைந்து காட்டு.

இ-யின் அடுக்கு, 3இன் இயல் மடக்கையைப் போல் இரண்டு மடங்கு. மதிப்பு என்ன?

விடையை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் போடுகிறான் என்று பாருங்கள். முதல் கணக்கில் இரண்டு பக்கமும் சைன் எக்ஸை அடித்துவிட்டால், அவன் இன்னும் தயாராகவில்லை. அதை அடிக்கும்போது அது பூஜ்ஜியமாக இருக்கலாமே என்று ஒரு கணம் கை நிற்க வேண்டும். அந்த நிற்றல்தான் ப்ரீகால்குலஸ்.

தேன்மொழி · ஜூலை 27, இரவு 9:30

இழையைத் தூசி தட்டுகிறேன். ஜூனில் ஆரம்பித்தான், தினம் இரண்டு மணி நேரம், பழைய புத்தகம் ஒன்றை வைத்து. வீடியோ கூடாது என்பது என் நிபந்தனை, அதில் சண்டை, அது கிடக்கட்டும்.

இன்று மூன்று கணக்கையும் கொடுத்தேன். மடக்கைக் கணக்கு, 9 என்று உடனே சொல்லிவிட்டான். நேர்கோடு வரைந்து எக்ஸ் 2 வரும் இடத்தில் ஓட்டை போட்டான். முதல் கணக்கில் சைன் எக்ஸை அடித்தான். பை/3, 5பை/3 என்று இரண்டு விடை எழுதிவிட்டுப் பேனாவை மூடினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவன் சமையலறையிலிருந்தே "அம்மா, இரு, இரு" என்று ஓடிவந்து 0, பை இரண்டையும் சேர்த்தான்.

சார், இதை எதில் சேர்ப்பது?

கணக்குவாத்தி · ஜூலை 28, காலை 6:05

சமையலறை வரை போனாலும் திரும்பி வந்தானே. தேர்வு எழுதட்டும்.

பாலு_ஃப்ரீமான்ட் · ஜூலை 28, காலை 10:20

இதைத்தான் நான் பிப்ரவரியிலேயே சொன்னேன்.

குரோம்பேட்டையார் · ஜூலை 28, காலை 10:24

நீங்கள் சொன்னது வேறு தம்பி, மேலே போய்ப் படியுங்கள்.

தேன்மொழி · மார்ச் 3, இரவு 10:11

கேட்டவர்களுக்காக. கிரெடிட் தேர்வில் 86. பிசியில் இருக்கிறான். முதல் செமஸ்டர் 88, அவன் வாழ்க்கையில் கணக்கில் முதல் பி. ரேங்க் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கண்ணன் சொன்ன மாதிரியே. அந்த நான்கு பேரில் ஒருவன் செப்டம்பரிலேயே ப்ரீகால்குலஸுக்குத் திரும்பிவிட்டான், சந்தோஷமாக இருக்கிறானாம். பதினொன்றில் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. வீட்டுப்பாடம் இப்போது பேருந்தில் முடிவதில்லை, அதில் எனக்கு ரகசியமாக ஒரு திருப்தி.

ஒரு சந்தேகம். சோஃபமோர் தம்பி சொன்ன அதே ரோஜாக் கணக்கு இந்த வாரம் வந்திருக்கிறது. ஒரு இதழின் பரப்பளவு கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் விடை பை/8. இவனுக்கு பை/4 வருகிறது. மூன்று தடவை போட்டுவிட்டான், புத்தகம்தான் தப்பு என்கிறான்.

சோஃபமோர்_பையன் · மார்ச் 3, இரவு 10:40

ஆன்ட்டி, 0 முதல் பை வரை எடுத்திருப்பான். அதில் இரண்டு இதழ் வந்துவிடும். ஒரு இதழ் பை/2இலேயே முடிந்துவிடுகிறது. வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், கையால்.